தம்பியின் பின்சக்கர கார் மியூனிக் பனியில் தாங்குமா?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரை அண்ணா நகரிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். மியூனிக்கில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி, கோடையில் ஒரு பழைய பிஎம்டபிள்யூ 4 சீரிஸ் கூபே வாங்கிவிட்டார். பின்சக்கர இழுவை, 19 அங்குல வீல், பின்னால் முன்னைவிட அகலமான டயர். தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறார்; நவம்பர் நடுவில் திரும்பிப் போனால் அதுதான் அவருக்கு முதல் பனிக்காலம். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள் "ரியர் வீல் டிரைவா? பனியில் நீ காலி, வித்துட்டு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கு" என்கிறார்களாம். விசாரித்த ஒரு டயர் கடையில் "பின்னால் ரெண்டு மட்டும் விண்டர் டயர் போட்டால் போதும்" என்றார்களாம். அம்பாசிடர் வைத்திருந்த அப்பா "டிக்கியில் மணல் மூட்டை போடு" என்கிறார். அம்மா வண்டியே வேண்டாம் என்கிறார். இதில் யார் சொல்வது சரி, ஊரில் இருக்கும் இந்தச் சில நாளில் தம்பி ஏதாவது பழகிக்கொண்டு போக முடியுமா என்பதுதான் கேள்வி.

கேள்வி "எந்தச் சக்கரம் இழுக்கிறது" என்பதைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அம்மாவின் கவலை வண்டி கிளம்புமா என்பதில்லை, நிற்குமா என்பதுதான். இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நான் மேலூர் ரோட்டில் ஒரு டயர் தொழிற்சாலையில் ரப்பர் கலவைப் பிரிவில் வேலையைத் தொடங்கியவன். பிறகு ஜெர்மனியில் பல வருடம் டயர் சோதனைப் பிரிவில் இருந்தேன். பனிக்காலச் சோதனைக்கு வடக்கு சுவீடனில் ஆர்யெப்லோக் என்ற ஊருக்குப் போவோம். அங்கே ஏரிகள் உறைந்து, அந்தப் பனிக்கட்டி மேலேயே ஓடுபாதை போட்டு வைத்திருப்பார்கள். ஐரோப்பாவின் கார் கம்பெனிகள் பலவும் குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்கும். இப்போது மதுரையில்தான் இருக்கிறேன். ஆகவே டயர், பிரேக், வண்டி சறுக்கும் விதம் இவை பற்றி உறுதியாகப் பேசுவேன். உங்கள் தம்பி எப்படி ஓட்டுவார் என்பது எனக்குத் தெரியாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. உலர்ந்த தார் ரோட்டில் டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உராய்வுக் கெழு, அதாவது பிடிமானத்தைக் காட்டும் எண், ஏறக்குறைய 0.8 இருக்கும், நல்ல டயரில் இன்னும் கொஞ்சம் கூடும். அழுத்தப்பட்ட பனியில் நல்ல விண்டர் டயருக்கே 0.2 முதல் 0.3 வரைதான். வழுவழுப்பான பனிக்கட்டியில் 0.1, சில சமயம் அதற்கும் கீழே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் பிரேக்கை மிதித்தால் உலர்ந்த ரோட்டில் சுமார் 12 மீட்டரில் வண்டி நின்றுவிடும். கெழு 0.25 என்று வைத்தால் பனியில் 39 மீட்டர். பனிக்கட்டியில் 0.1 என்றால் 98 மீட்டர். கால் பிரேக்குக்குப் போக எடுக்கும் நேரம் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கில் எங்கேயாவது முன்சக்கர இழுவை, பின்சக்கர இழுவை என்று வருகிறதா? வராது. நிற்கும்போது எந்த வண்டியும் நாலு சக்கரத்தாலும்தான் நிற்கிறது. ஆபீஸ் நண்பர்கள் சொல்லும் நாலு சக்கர இழுவை வண்டியும் அதே டயரில் அதே 39 மீட்டர்தான் எடுக்கும். எடை கூடிய பெரிய எஸ்யூவி என்பதால் இதில் அதற்குச் சலுகை கிடையாது. சிக்னலில் சறுக்காமல் கிளம்புவதால், ரோடு நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையை அந்த வண்டி ஓட்டுபவருக்குக் கொடுத்துவிடும். அந்த நம்பிக்கை அடுத்த சிக்னலில் காலை வாரும்.

கிளம்புவதில், மேடு ஏறுவதில் மட்டும் நண்பர்கள் சொல்வது சரி. 4 சீரிஸில் எடை முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய பாதிப் பாதி. பனியில் கெழு 0.2 என்றால், பின்சக்கரம் இரண்டும் சேர்ந்து வண்டி எடையில் பத்தில் ஒரு பங்கு விசையைத்தான் ரோட்டில் இறக்க முடியும். அதாவது 10 சதவீத ஏற்றம்தான் எல்லை. புதுப்பனியை மிதித்துத் தள்ளும் இழப்பைக் கழித்தால் இன்னும் குறையும். நாலு சக்கரமும் இழுத்தால் எல்லை இரட்டிப்பாகும். முன்சக்கர வண்டியில் எஞ்சின் முன்னால் உட்கார்ந்திருப்பதால் 60 சதவீத எடை இழுக்கும் சக்கரத்தின் மேல் இருக்கும், சமதளத்தில் அது நன்றாகவே கிளம்பும். ஏற்றத்தில் எடை பின்னுக்குச் சாய்வதால் அந்த லாபம் கொஞ்சம் கரைந்துவிடும். எஞ்சினைப் பின்னால் வைத்த போர்ஷே 911 பின்சக்கர வண்டியாக இருந்தும் பனியில் நன்றாக ஏறுவதற்குக் காரணமும் இதே எடைக் கணக்குதான். மியூனிக் நகரம் பெரும்பாலும் சமதளம். தினமும் போகும் வழியில் செங்குத்தான ஏற்றமோ, சரிவாக இறங்கும் நிலத்தடி கார் நிறுத்தமோ இருக்கிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். இல்லையென்றால் வண்டியை விற்க இந்த ஒரு காரணம் போதாது.

இனி ரப்பர். நான் சொல்ல வந்ததே இதுதான்: பனிக்காலத்தில் அந்தக் காரில் மாற்ற வேண்டியது டயர், எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பது அதற்கு அப்புறம்தான். கோடை டயரின் ரப்பர் கலவை வெயிலுக்காகச் செய்யப்படுவது. நம் ஊரில் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் நமக்கு அது ஒன்றுதான் தேவை. குளிர் ஏற ஏற அந்த ரப்பர் விறைக்கும். எங்கள் வீட்டு ஃபிரீசரில் ஒருமுறை கோடை டயரிலிருந்து ஒரு துண்டும் விண்டர் டயரிலிருந்து ஒரு துண்டும் வெட்டி, ராத்திரி முழுக்க வைத்து எடுத்தேன். வெளியே மேஜையில் இருந்தபோது இரண்டிலும் கட்டைவிரல் நகம் பதிந்தது. காலையில் எடுத்ததும் விண்டர் துண்டில் நகம் இறங்கியது, வளைத்தால் வளைந்தது. கோடைத் துண்டில் நகம்தான் வலித்தது. ரோட்டில் உள்ள பொடிப் பொடி மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் இறங்கிப் பிடித்தால்தான் பிடிமானம். விறைத்த ரப்பர் எதற்குள் இறங்கும்? இந்தத் துறையில், விண்டர் டயருக்கு மாற வேண்டிய குளிர் 7 டிகிரி செல்சியஸ் என்று ஓர் எல்லை சொல்வார்கள். அது கத்தி வைத்து வெட்டிய கோடு இல்லை, ஒரு நடைமுறை அளவுகோல்தான். ஆனால் உறைநிலைக்குக் கீழே அகல ஸ்போர்ட்ஸ் டயரோடு ஓட்டக்கூடாது என்பதில் இரண்டு கருத்து இல்லை. கடும் குளிரில் வண்டியை அசைத்தாலே ரப்பரில் வெடிப்பு விடலாம் என்று அந்த வகை டயர் செய்யும் கம்பெனிகளே எச்சரிக்கின்றன.

விண்டர் டயரில் கலவை மட்டும் வேறு அல்ல. ரோட்டைத் தொடும் வெளிப்பரப்பான டிரெட்டின் ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியதுபோல மெல்லிய கீறல்கள் வரிசையாக இருக்கும். டயர் உருளும்போது அவை திறந்து மூடும், பனியைக் கவ்வும். டிரெட் பள்ளங்கள் பனியை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதால் அது லாபம்தான். நம் பக்கத்துச் சேற்றுக்கு இது நேர் எதிர். திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம் ஐப்பசி மழைக்கு அப்புறம் கரிசல் காட்டுப் பாதையில் காலி டாடா ஏஸ் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: டிரெட்டுக்குள் கரிசல் அப்பிக்கொண்டதும் டயர் மொட்டையாகிவிடும், ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் போதும், வண்டி வாலை வீசும்.

அந்த ஏஸிலிருந்தே அப்பாவின் மணல் மூட்டைக்குப் போகலாம், ஏனென்றால் அவர் சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. காலி ஏஸ் சேற்றில் மாட்டினால் லோடுமேன் இரண்டு பேர் பின்னால் ஏறி நிற்பார்கள், வண்டி வெளியே வந்துவிடும். பின்னால் எடையே இல்லாத வண்டிக்கு எடை கொடுத்தால் பெரிய லாபம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் வைத்திருப்பவர்கள் பனிக்காலத்தில் மணல் மூட்டை போடுவது இதனால்தான். ஆனால் தம்பியின் காரில் ஏற்கெனவே பாதி எடை பின்னால்தான் இருக்கிறது. 1600 கிலோ வண்டி, பின்சக்கரத்தில் 800 என்று வையுங்கள். 50 கிலோ மூட்டை போட்டால் பின் எடை 6 சதவீதம் கூடும். இழுக்க வேண்டிய மொத்த எடையும் 3 சதவீதம் கூடும். கடைசியில் கையில் நிற்பது 3 சதவீதம். கோடை டயரிலிருந்து விண்டர் டயருக்கு மாறுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதோடு, டிக்கியின் கடைசியில் அச்சுக்குப் பின்னால் கிடக்கும் எடை, வால் வீச ஆரம்பித்தால் அதை இன்னும் வேகமாக வீச வைக்கும். கட்டாத மூட்டை, சடன் பிரேக்கில் சீட்டை இடிக்கும். அப்பாவிடம் ஒன்று சொல்லலாம்: டிக்கியில் ஒரு சின்ன மண்வெட்டியும், இரண்டு கிலோ சொரசொரப்பான மணலும் இருக்கட்டும். மாட்டிக்கொண்டால் சக்கரத்துக்கு முன்னால் தூவ அந்த மணல் நிஜமாகவே உதவும்.

டயர் கடைக்காரர் சொன்னது மட்டும் சுத்தத் தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்னால் இரண்டு மட்டும் விண்டர் டயர் போட்டால் வண்டி நன்றாகக் கிளம்பும். கிளம்பி முதல் வளைவுக்கு வந்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பினால் விறைத்த முன்டயர் திரும்பாது, வண்டி நேராகப் போகும். பிரேக்கின் பெரும்பங்கை வாங்குவதும் முன்டயர்தான். முன்சக்கர வண்டிக்காரர்கள் முன்னால் இரண்டு மட்டும் போட்டால் இதற்கு மறுபக்கம் நடக்கும்: பிரேக் மிதித்ததும் பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். இரண்டுமே ஆபத்து. பனி, பனிச்சேறு, வழுக்கல் இருக்கும் ரோட்டில் தகுதியான டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று ஜெர்மனியில் சட்டமே இருக்கிறது. காருக்கு அது நாலு சக்கரத்துக்கும் பொருந்தும். மீறினால் 60 யூரோ அபராதமும் லைசென்ஸ் கணக்கில் ஒரு புள்ளியும். மற்றவர்களுக்கு இடைஞ்சலாக நின்றால் 80 யூரோ. மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த குறி டயரின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். வெறும் எம்+எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்து மட்டும் உள்ள பழைய டயர்களுக்குக் கொடுத்திருந்த அவகாசம் 2024 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது. பழைய செட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும்போது நம் ஆட்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

செட் வாங்கும்போது 19 அங்குலத்திலேயே வாங்க வேண்டாம். பனிக்குக் குறுகலான டயர் நல்லது. ஒரே எடை சின்னப் பரப்பில் இறங்குவதால் பனிச்சேற்றை வெட்டிக்கொண்டு கீழே போய் ரோட்டைத் தொடும். அகல டயர் அதன் மேல் மிதக்கும். 18 அங்குலத்தில் நாலு பக்கமும் 225 அகலத்தில் ஒரே அளவு டயர் போடுவது அந்த மாடலில் வழக்கமான ஏற்பாடு. பெரிய பிரேக் உள்ள வண்டி என்றால் 17 அங்குல வீல் உள்ளே உட்காராமல் போகலாம், ஆகவே வண்டியின் கையேட்டில் அனுமதித்த அளவுகளைப் பார்த்துவிட்டு வாங்கட்டும். சங்கிலி மாட்டும் எண்ணம் இருந்தால் எந்த அளவு டயருக்கு இடம் இருக்கிறது என்பதும் அதே பக்கத்தில் இருக்கும்; இந்த வண்டிக்குச் சங்கிலி பின்சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும், மாட்டினால் ஜெர்மனியில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது.

பழைய டயர் என்றால் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்தோடு வரும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 3523 என்றால் 2023-ஆம் வருடம் 35-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டிய விண்டர் டயரை நான் என் காசுக்கு வாங்கமாட்டேன். டிரெட் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகியிருக்கும். டிரெட் ஆழம் பார்க்கக் கையில் 2 யூரோ காசு இருந்தால் போதும். அதன் வெள்ளி வளையம் 4 மில்லிமீட்டர் அகலம்; டிரெட் பள்ளத்தில் செருகினால் அந்த வளையம் முழுக்க மறைய வேண்டும். ஜெர்மன் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை விடும். ஆனால் மியூனிக்கில் இருப்பவர் சனிக்கிழமை வந்தால் ஆஸ்திரியாவுக்கு வண்டியை விடாமல் இருக்கமாட்டார். அங்கே நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, ரோட்டில் பனி இருந்தால், 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரை விண்டர் டயர் என்றே கணக்கில் எடுக்கமாட்டார்கள். எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயர் என்று விற்பதும் உண்டு. நகரத்துக்குள் கொஞ்சமாக ஓட்டும் சின்னக் காருக்கு அது பரவாயில்லை. ஆட்டோபான் என்ற அந்த ஊர் அதிவேக நெடுஞ்சாலையில் விரட்டவும் ஆல்ப்ஸ் மலைக்குப் போகவும் ஆசைப்படுகிற வண்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

டயர் சரியானால் மிச்சம் ஓட்டும் விதம். பின்சக்கர வண்டியின் குணம், சக்தி கூடினால் பின்பக்கம் வெளியே போவது. அதைத் தடுக்கத்தான் இஎஸ்பி இருக்கிறது; வண்டி சறுக்க ஆரம்பித்தால் தானாகவே தேவையான சக்கரத்தில் பிரேக் பிடித்து நேராக்கும் ஏற்பாடு அது. 1995-இல் மெர்சிடீஸ் எஸ் கிளாஸில் வந்தது, ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம். பிஎம்டபிள்யூவில் அதற்குப் பெயர் டிஎஸ்சி. அதை அணைக்கும் பட்டனைத் தொடக்கூடாது என்பது முதல் விதி. ஒரே ஒரு விலக்கு: வண்டி பனியில் மாட்டிக்கொண்டு, சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் வெளியே வரும் என்ற நிலையில் அதே பட்டனை ஒரு தரம் தட்டினால் டிடிசி என்ற தளர்ந்த நிலைக்குப் போகும், வெளியே வந்ததும் திரும்பப் போட்டுவிட வேண்டும். கிளம்பும்போது ஸ்டியரிங் நேராக இருக்கட்டும், இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளம்பட்டும். ஸ்போர்ட் மோடு ஏப்ரல் வரைக்கும் தூங்கட்டும்.

பலரும் யோசிக்காத இடம் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடுவது. பின்சக்கர வண்டியில் எஞ்சின் பிரேக்கிங் முழுவதும் பின்டயர் மேல் விழுகிறது. பனியில் வளைவுக்குள் போய்விட்டு, பயந்து காலை வெடுக்கென்று எடுத்தாலோ, ஒரே தட்டில் இரண்டு கியர் இறக்கினாலோ, பின்டயர் கணப்பொழுது பிடி விடும். ஆக்ஸிலேட்டர் மிதித்துச் சறுக்குவதை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள், விட்டுச் சறுக்குவதை எதிர்பார்ப்பதில்லை. அதனால் பிரேக்கை வளைவுக்கு முன்னால், நேர் ரோட்டிலேயே முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் காலை அசைக்காமல் பிடிக்க வேண்டும். இறக்கத்துக்கு ஏற்ற கியரை இறங்குவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும். அப்படியும் பின்பக்கம் வெளியே போனால், காலை மெதுவாகத் தளர்த்தி, வண்டி போக வேண்டிய இடத்தைப் பார்த்து, அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். வண்டி நேராகத் திரும்பும் நொடியில் ஸ்டியரிங்கும் கூடவே திரும்ப வந்துவிட வேண்டும். கை அங்கேயே உறைந்து நின்றால் வண்டி மறுபக்கம் வீசும், அந்த இரண்டாவது வீச்சுதான் மரத்தில் கொண்டுபோய் விடும். வண்டி கையை மீறிப் போய்விட்டது என்று தோன்றினால் பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பட்டும். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸும், இஎஸ்பியும் தங்களால் முடிந்ததைச் செய்யும்.

குளிர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வழுக்கும் என்று நம் ஊரில் நினைப்போம். அது சரியல்ல. மைனஸ் 20-இல் பனிக்கட்டி ஓரளவு சொரசொரப்பாக இருக்கும். டயர் அதைப் பிடித்துக்கொள்ளும். பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போதுதான் பனிக்கட்டி மேல் மெல்லிய நீர்ப்படலம் உருவாகும், பிடிமானம் மோசமாகும். வடக்கு சுவீடனில் நாள் முழுக்க ஏரி மேல் ஓட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள், மியூனிக்கில் ஜனவரி காலை ஒன்றரை டிகிரியில் ஆபீஸ் போகப் பயப்படுவார்கள். பகலில் உருகி, ராத்திரியில் உறைந்து, விடியற்காலையில் கறுப்பாக, வெறும் ஈர ரோடு போலத் தெரியும் பனிக்கட்டி. பாலங்களில் அது முதலில் உறையும், ஏனென்றால் அடியிலிருந்தும் காற்று குளிர்விக்கிறது. காரின் டிஸ்பிளேயில் 3 டிகிரிக்குக் கீழே காட்டினால் பாலத்தில் காலைத் தளர்த்திவிடட்டும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்வது அப்படி அல்ல. விண்டர் டயர் போட்ட பின்சக்கர கூபே, மியூனிக் நகரத்தில் ஒரு சாதாரண பனிக்காலத்தைத் தாங்கும் என்பது என் கணிப்பு. பவேரியாவில் தலைமுறை தலைமுறையாகப் பின்சக்கர பிஎம்டபிள்யூவும் மெர்சிடீஸும் ஓடியிருக்கின்றன, அதுவும் இஎஸ்பி இல்லாத காலத்திலேயே. ஆனால் சாதாரணமில்லாத நாளும் வரும். 2023 டிசம்பர் முதல் வாரம் கொட்டிய பனியில் மியூனிக் விமான நிலையமே மூடப்பட்டது, ரயில்கள் நின்றன. அந்த கூபேயின் அடிப்பகுதிக்கும் ரோட்டுக்கும் இடையே ஒரு சாணுக்கும் குறைவுதான். அதைவிட ஆழமான, தள்ளாத பனியில் வண்டியின் வயிறு மேலே உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எந்த டயராக இருந்தாலும் சக்கரம் சும்மா சுற்றும். அப்படிப்பட்ட நாட்களில் சாவியைத் தொடாமல் இருக்கும் ஆள்தானா உங்கள் தம்பி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, நான் பார்த்தவர்கள் எல்லாம் சோதனை ஓட்டுநர்கள், அதையே தொழிலாகச் செய்தவர்கள். புதிதாகப் பனியைப் பார்ப்பவர் ஒரே பயிற்சியில் எவ்வளவு மாறுவார் என்பதில் அவர்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் ஏடிஏசி என்ற ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கத்தின் ஒரு நாள் ஓட்டுநர் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகச் சொல்வேன். மியூனிக்கிலிருந்து பக்கம், ஆக்ஸ்பர்க்கில் அவர்களுடைய மையம் இருக்கிறது. தண்ணீர் விட்டு வழுக்க வைத்த தளத்தில் தன் வண்டியின் வால் எப்படி வீசும் என்பதை அங்கே பார்ப்பதும், திடீரென ஒரு காலையில் தெருவில் பார்ப்பதும் ஒன்றல்ல.

மதுரையில் பழக முடியுமா என்றால், பனியைப் பழக முடியாது, காலைப் பழக்கலாம். வீட்டுக் கார் 2019-க்குப் பிறகு வாங்கியது என்றால் ஏபிஎஸ் இருக்கும். ஆள் நடமாட்டமில்லாத, சொந்தக்காரர் அனுமதி தந்த ஒரு பெரிய காலி மைதானத்தில், மழை விட்டதும், 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுக்க மிதித்து நிற்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலடியில் தடதடவென்று அதிரும். அது தெரியாதவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுவார்கள், நிற்கும் தூரம் நீளும். அதிர அதிர மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பி ஒரு பக்கெட்டைச் சுற்றிப் போகட்டும். இது கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, பின்சக்கர இழுவை என்பது நம் ஊருக்குப் புதிதில்லை. மாருதி ஈகோவும் மஹிந்திரா பொலேரோவும் அந்த வகைதான். தெரிந்தவர் யாரிடமாவது பழைய ஈகோ இருந்தால், மழைக்கு நனைந்த மண்ணில், நடக்கும் வேகத்தில், பின்சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும் அந்த இடத்தைக் காலால் கண்டுபிடித்துத் தளர்த்திப் பழகலாம். நடக்கும் வேகம் என்று சொன்னது சும்மா இல்லை: உயரமான வண்டி பக்கவாட்டில் சறுக்கி ஒரு வரப்பில் இடித்தால் கவிழும். ரிங் ரோட்டில் மழை நேரத்தில் இதைச் செய்து பார்க்கவே கூடாது. மூன்றாவது, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய் வரட்டும். இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னாலேயே பிரேக்கை முடித்து, இரண்டாவது கியரில், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் இறங்கி வரப் பழகட்டும். பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு அம்மா உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

வண்டிப் பராமரிப்பில் மூன்றே விஷயம். குளிர் இறங்க இறங்க டயரில் காற்று குறையும். 20 டிகிரியில் பிடித்த காற்று மைனஸ் 5-இல் சுமார் 4 பிஎஸ்ஐ குறைந்திருக்கும், அதனால் குளிரிலேயே பார்த்துப் பிடிக்க வேண்டும். ரோட்டில் உப்புத் தூவுவார்கள், அது அடிப்பகுதியைத் தின்னும். உறைபனி இல்லாத நாளில் அடியோடு கழுவிவிடட்டும். பழைய பேட்டரியைப் பனிக்காலத்துக்கு முன்னாலேயே சோதித்துவிடட்டும், குளிரில்தான் அது கைவிடும்.

வண்டியே வேண்டாம் என்று அம்மா சொல்வதற்கு: வீட்டுக்கோ ஆபீஸுக்கோ போகும் வழி செங்குத்து என்றால், அல்லது வாராவாரம் பனிச்சறுக்குக்கு மலைக்குப் போகும் திட்டம் என்றால், மாற்றிக்கொள்ளலாம், அது நியாயம். இல்லையென்றால் வண்டியை விற்று நட்டப்படும் பணத்தில் ஒரு பங்கில் நல்ல விண்டர் டயர் நாலும் அவற்றுக்குத் தனி வீலும் வந்துவிடும். ஒரே அவசரம் தேதி. அக்டோபர், நவம்பரில் அங்கே எல்லா டயர் கடையிலும் கூட்டம் நெரியும், ஆகவே மதுரையிலிருந்தே போன் போட்டு முன்பதிவு செய்துவிடச் சொல்லுங்கள். நவம்பர் நடுவில் அவர் இறங்கும்போது வண்டி இன்னும் கோடை டயரில்தான் நிற்கும். விமான நிலையத்திலிருந்து எஸ்1 அல்லது எஸ்8 ரயிலில் வீட்டுக்குப் போகட்டும். அன்றைக்கு ரோட்டில் பனி இருந்தால் டயர் மாற்றக்கூட வண்டியைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். வீட்டுக்கே வந்து மாற்றித் தருபவர்கள் அங்கே உண்டு, அவர்களைக் கூப்பிடட்டும்.